தங்கப் பல்லுக்கு நான்காம் எண்

பானி, 8 பிப்ரவரி 1998

அன்புள்ள மகள் நூரிஸுக்கு,

தொலைபேசியில் பேசினால் என் வாக்கியங்கள் வரிசை மாறிவிடுகின்றன. போன மாதம் நீ நியூயார்க்கிலிருந்து அழைத்தபோதும் அதுதான் நடந்தது. நீ அழுதாய். போனை வைத்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன். முப்பத்தெட்டு ஆண்டு இலக்கணம் நடத்திய பழக்கத்தில், சொல்லப்போவதை முதலில் எண்ணிட்டுத் தருகிறேன்.

1. உன் படத்துக்குத் தேவாலய வாசல் பலகையில் நான் ஏன் நான்கு போட்டேன்.
2. படத்தில் நன்றாக இருப்பவை. (இது சிறியது.)
3. படத்தில் உள்ள பொய்.
4. உன் அம்மா ஒசேமாவின் உடல்நிலை.
5. ஒரு வேண்டுகோள்.

முதலாவது. கதையை எழுதியவளே நீதான். ஆனாலும் கதைச் சுருக்கம் தராமல் மதிப்புரை எழுதி எனக்குப் பழக்கமில்லை. டோன் கீகோ என்ற கிழவர் இரவுச் சாப்பாட்டில் தன் தங்கப் பல்கட்டை விழுங்கிவிடுகிறார். மனைவியின் கல்யாணத் தோட்டை உருக்கிச் செய்த பல். அது வெளியே வரும்வரை பிள்ளைகள் எல்லோரும் வந்து கொல்லைக் கழிப்பறை வாசலில் காத்திருக்கிறார்கள். பேசாமல் இருந்த அண்ணன் தம்பி பேசிக்கொள்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் உட்கார்ந்து தோமினோக் கட்டை ஆடுகிறார்கள். மூன்றாம் நாள் சட்டியில் 'டிங்' என்று சத்தம் கேட்கிறது. தெருவே கைதட்டுகிறது.

1961லிருந்து பலகையில் எண் எழுதுகிறவன் நான். ஒன்று எல்லோருக்கும், இரண்டு இளைஞருக்கு, மூன்று பெரியவருக்கு, நான்கு யாருக்கும் வேண்டாம். படத்தில் வயிற்று வாயுவின் சத்தம் முப்பத்தொரு முறை வருகிறது. எண்ணினேன். வேறு எந்த எண்ணைப் போடுவது? பூங்காவில் நான் நடந்துபோனால் ஆட்கள் காப்பிக் கோப்பையைக் கரண்டியால் தட்டுகிறார்கள், டிங் என்று. ஒருவேளை சர்க்கரை கலக்குகிறார்களோ என்னவோ. எனக்கு நிச்சயமில்லை.

இரண்டாவது. கைதட்டிய பிறகு பெரிய மகன் அப்பாவின் இரண்டு பாதங்களையும் கழுவிவிடுகிறான். அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. கடைசி வரிசையில் தொப்பியை முகத்தின்மேல் இறக்கி உட்கார்ந்திருந்தேன். திரையரங்கு பெலீத்தோ வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, ஜனங்க மூக்கைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க, அதே கையால கண்ணையும் தொடச்சிக்கிறாங்க. இதுக்கு என்ன நம்பர் போடுவீங்க?" என்றார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு எண் என் பட்டியலில் இல்லை. மறுநாள் நான்கு போட்டேன். அவருடைய அம்மா பலகையைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் அழுதார்களாம். படம் இரண்டு காட்சியோடு போய்விட்டது. படத்தை நிறுத்தும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது. 1974இல் நடந்தது நம் இருவருக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். நீ ஒன்பது வயதில் குழாயடியில் என்னைப் பார்த்தாய். நான் அந்தப் பல்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக இத்தனை நாள் மனத்துக்குள் நன்றி சொல்லிவந்தேன். படத்தில் டோன் கீகோவின் மனைவி மூன்று நாளும் கழிப்பறைக்கு வெளியே உட்கார்ந்து துவரங்காய் உரித்துக்கொண்டே, மூடிய கதவோடு ஊர்க்கதை பேசுகிறாள். இது பொய். உன் அம்மா அந்த மூன்று நாளும் பக்கத்தில் மிர்த்தா வீட்டில் இருந்தாள். எனக்கு வயிற்றுக் காய்ச்சல் என்றும் பல்கட்டு மருத்துவரிடம் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தேன். நம்பினாள். அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவளுடைய தோடு அது, நூரிஸ். அந்த வாயை வைத்துக்கொண்டு இருபத்துநான்கு ஆண்டுகள் அவளோடு பேசியிருக்கிறேன். வெளியே யாரும் இல்லை. நான் தனியாகத்தான் இருந்தேன்.

நான்காவது. டிசம்பரில் இருந்தபடியே இருக்கிறாள். வலது பக்கம் அசையவில்லை, பேச்சில்லை. இடது கை நன்றாக இருக்கிறது. சிரிப்பு வருகிறது, ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடிவதில்லை.

ஐந்தாவதை எழுதி அடித்துவிட்டேன். மன்னிக்கவும்.

உன் அப்பா,
மில்சியாதெஸ் பெகேரோ


நியூயார்க், 1 மார்ச் 1998

அப்பா,

கடிதத்தின் தலையில் ஆசீர்வாதம் கேட்டு எழுதுவதுதான் நம் வழக்கம். இந்த முறை கேட்கவில்லை. மறந்துவிடவில்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

ஒரு போலீஸ்காரன் தொண்ணூறு பேரைச் சுட்டுக் கொல்லும் படத்துக்கு நீங்கள் மூன்று போட்டீர்கள். எனக்கு ஞாபகமிருக்கிறது, பலகைக்கு ஏணி பிடித்தவள் நான்தான். ஒரு கிழவர் கழிப்பறையில் கஷ்டப்பட்டதற்கு நான்கு. முப்பத்தொரு முறை என்கிறீர்கள். முப்பத்து மூன்று. இரண்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். தொப்பிக்குள் இருந்தால் அப்படித்தான்.

இங்கே நடன மண்டபத்தை வாடகைக்கு எடுத்து இரண்டு ஞாயிறு போட்டோம். ஒரு பெண் நடுவிலேயே எழுந்து, "அசிங்கம்! இதுக்காடி என்னைக் கூட்டிட்டு வந்தே?" என்று தங்கையைத் திட்டிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் அவளே தன் மாமியாரோடு முதல் வரிசையில் இருந்தாள். "அந்தக் காலு கழுவுற இடம் எப்ப வரும்?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே யாருக்கும் அப்பாவின் காலைக் கழுவக் கொடுத்து வைக்கவில்லை அப்பா. குடியேற்றக் காகிதம் வரும்வரை ஊருக்குப் போக முடியாது. போனால் திரும்ப முடியாது. நானும் அப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா விழுந்த செய்தி வந்த அன்று சலவைக்கடையில் பதினோரு மணி நேரம் அடுத்தவர் போர்வையை மடித்தேன்.

உங்கள் மூன்றாவது குறிப்புக்கு வருகிறேன். அது பொய் இல்லை. அதற்கு மேல் சொல்ல மாட்டேன். ஒருவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. நம் தெரு ரதாமெஸ் இங்கிருந்து ஊருக்கு வருகிறான், அவனிடம் கேசட் கொடுத்திருக்கிறேன். மிர்த்தா வீட்டில் வீடியோ இருக்கிறது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். துவரங்காய்க் காட்சி வரும்போது நீங்கள் திரையைப் பார்க்க வேண்டாம், அவள் முகத்தைப் பாருங்கள். அவ்வளவுதான்.

இந்தப் படம் யாருக்காக என்று எல்லோரும் கேட்கிறார்கள். அம்மாவுக்காக. அவள் பார்க்காவிட்டால் நான் எடுத்தது வெறும் முப்பத்து மூன்று சத்தம்தான்.

நூரிஸ்


பானி, 22 மார்ச் 1998

அன்புள்ள நூரிஸுக்கு,

ரதாமெஸ் வந்தான். வாசலில் நின்றே, "வாத்தியாரே, நூரிஸோட கேசட்டு! அம்மாவுக்குப் போட்டுக் காட்டணுமாம்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அவன் எப்போதும் அப்படித்தான். கேசட் பத்திரமாக இருக்கிறது.

இன்னும் போடவில்லை. காரணங்களைச் சொல்கிறேன். மின்சாரம் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்கூட இல்லை. மருத்துவர் அவளுக்கு மனக்கிளர்ச்சி கூடாது என்றார். (நான் கேட்டபோது "கிளர்ச்சின்னா எது வாத்தியாரே?" என்று திருப்பிக் கேட்டார். நான் விளக்கவில்லை.) தவிர, இது தவக்காலம். தவக்காலத்தில் நகைச்சுவைப் படம் போட்டால் பாதிரியார் எவாரிஸ்தோ என்ன நினைப்பார்? இவற்றில் எது பெரிய காரணம் என்று எனக்கே தெரியவில்லை.

மற்றபடி உன் அம்மா காலையில் ஓட்ஸ் கஞ்சி நன்றாகக் குடிக்கிறாள். மாலையானால் இடது கையை நீட்டி அலமாரியைக் காட்டுகிறாள். சால்வை கேட்கிறாள் போலிருக்கிறது. எடுத்துப் போர்த்திவிடுகிறேன். தள்ளிவிடுகிறாள். மீண்டும் காட்டுகிறாள். ஜெபமாலை கொடுத்துப் பார்த்தேன். உன் புகைப்படத்தைக் கொடுத்தேன். அதை மட்டும் வைத்துக்கொண்டாள். அப்புறமும் காட்டினாள்.

சத்தங்களின் எண்ணிக்கையில் நீ சொன்னதே சரியாக இருக்கும்.

அப்பா


நியூயார்க், 9 ஏப்ரல் 1998

அப்பா,

கேசட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

அலமாரியில்தானே? பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டிருப்பீர்கள். ரதாமெஸ் கத்தியது அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவளுக்குப் பேச்சுத்தான் போயிருக்கிறது, காது போகவில்லை. சால்வையா கேட்கிறாள்? பானியில், மார்ச் மாத வெயிலில், சால்வையா?

நான் கோபமாக எழுத உட்காரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. மிர்த்தா அக்காவைத் தொலைபேசி நிலையத்துக்கு வரச்சொல்லிப் பேசினேன். "உங்கம்மா பறவை மாதிரி ஆயிட்டா பொண்ணே, ஒரு கையில தூக்கிடலாம்," என்றாள். நீங்கள் ஓட்ஸ் கஞ்சியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

பலகையில் நான்கு போட்டதை மன்னித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரே பார்க்காமல் போகட்டும். ஆயிரம் பேரைத் தடுத்தீர்கள், சரி. ஒருத்தியை விடுங்கள். அவளும் உங்கள் பலகையைப் படித்துவிட்டா படுத்திருக்கிறாள்?

ஞாயிறோடு தவக்காலம் முடிகிறது. மின்சாரம் வரும் நேரம் மிர்த்தாவுக்குத் தெரியும். கெஞ்சுகிறேன். நான் வர முடியாது. அந்தக் கேசட்தான் நான்.

நூரிஸ்


பானி, 27 ஏப்ரல் 1998

அன்புள்ள நூரிஸுக்கு,

காட்டினோம். சனிக்கிழமை மாலை. மின்சாரம் இருந்தது. உன் அம்மா ஏழு முறை சிரித்தாள். கால் கழுவும் இடத்தில் கண் கலங்கினாள். களைத்துப்போய் சீக்கிரம் தூங்கிவிட்டாள்.

நீ நிம்மதியாக இரு.

அப்பா


நியூயார்க், 14 மே 1998

ஆசீர்வாதம், அப்பா!

கேட்டுவிட்டேன். இரண்டு முறை வேண்டுமானாலும் கேட்கிறேன். ஆசீர்வாதம்!

ஏழு முறை! உங்கள் கடிதத்தைச் சலவைக்கடையில் சத்தமாகப் படித்தேன். கூட வேலை செய்யும் மிகெலினா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "உங்கப்பா எழுதற லட்சணத்தைப் பாரேன், பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரி! ஏழு மார்க்கு போட்டிருக்காரு!" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் சோப்பு வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நம் வீட்டுப் பழக்கம், கதவைச் சாத்திக்கொள்வது.

நாலைந்து மாதத்தில் முதல் முறையாக இரவு முழுக்கத் தூங்கினேன். வழக்கறிஞர் இன்னும் ஒரு வருடம் என்கிறார். ஒரு வருடம் தாங்கிவிடுவேன். அவள் பார்த்துவிட்டாள் அல்லவா?

ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டீர்களே! துவரங்காய்க் காட்சியில் என்ன செய்தாள்? அதை மட்டும்தானே பார்க்கச் சொன்னேன். சிரித்தாளா? உங்களைப் பார்த்தாளா? அதை எழுதுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

உங்கள் மகள்,
நூரிஸ்


பானி, 20 ஜூன் 1998

நூரிஸ்,

இந்த முறை எண்ணிடவில்லை. இட்டுப் பார்த்தேன், எல்லாம் ஒன்றாகவே வந்தது.

உன் அம்மா மே 23 அன்று போனாள். அன்று நீ தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அந்தக் காட்சியில என்ன பண்ணினா அப்பா?" தொடர்பு அறுந்துவிட்டதாக நினைத்திருப்பாய். அறுபடவில்லை. நான்தான் வைத்தேன். அதன் பிறகு நீ எழுதவில்லை. எழுதாதது சரிதான். இதைப் படித்த பிறகும் எழுதமாட்டாய். அப்படியும் இதை நீ படிக்க வேண்டும்.

நான் படத்தைக் காட்டவில்லை. சனிக்கிழமை மின்சாரம் இருந்தது என்பது மட்டும் உண்மை. ஏழு என்ற எண்ணை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. பத்து என்றால் நம்பமாட்டாய், மூன்று என்றால் வருந்துவாய் என்று யோசித்திருக்கலாம்.

கேசட் அலமாரியில்தான் இருந்தது. சாவி சட்டைப்பையில் இருந்தது. கடைசி வாரத்திலும் அவள் கையை நீட்டினாள். சால்வை கேட்கவில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் போர்த்தினேன். அவள் தள்ளுவாள், நான் மறுபடி போர்த்துவேன். இப்படி இரண்டு மாதம். பேச முடியாதவளிடம் புரியாதவன்போல் நடிப்பது மிக எளிது, நூரிஸ். அது இத்தனை எளிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவள் பார்த்துத் தெரிந்துகொண்டுவிடுவாளே என்று பயந்தேன். அவளுடைய தோடு எங்கே போய் வந்தது என்று தெரிந்த பிறகு, அந்த இடது கையால் என் கையை விலக்குவாளோ என்று. காரணம் அவ்வளவுதான். தவக்காலமும் இல்லை, மருத்துவரும் இல்லை.

ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. ஒன்பதாம் நாள் வழக்கம்போல் உள்ளே பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள், முற்றத்தில் ஆண்கள் காப்பி குடித்துக்கொண்டு தோமினோ ஆடினார்கள். துக்க வீட்டு முற்றத்தில் என்ன கதை ஓடும் என்று உனக்குத் தெரியும். படத்தில் நீயே வைத்திருக்கிறாய். நான் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனேன். இருட்டில் என்னை அவர்கள் பார்க்கவில்லை. பெலீத்தோ தோமினோ கட்டையால் தகரக் கோப்பையைத் தட்டினார். டிங். எல்லோரும் சிரித்தார்கள்.

"டேய், மெதுவா! வாத்தியார் காதுல விழப்போவுது," என்றார் ஒருவர்.

"இருபத்துநாலு வருஷமா விழல. இன்னிக்கா விழப்போவுது?" என்றார் பெலீத்தோ. "ஒசேமா எங்க எல்லார்கிட்டயும் வந்து சொல்லிட்டுப் போனா இல்ல, வாயத் தொறந்தீங்கன்னா உங்க வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்னு."

என் கையிலிருந்த குடம் எப்போது நிரம்பி வழிந்தது என்று தெரியவில்லை. மிர்த்தா வந்து குழாயை மூடினாள். அவள் கையைப் பிடித்துக் கேட்டேன். பெண்கள் கையைப் பிடித்து நான் பேசுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

"மிர்த்தா, அந்த மூணு நாளும் அவ உன் வீட்டுல இருந்தாளா இல்லையா?"

"எங்க வீட்டுலதான் இருந்தா வாத்தியாரே," என்றாள். பிறகு வேலியைக் காட்டினாள். நம் கழிப்பறையின் பின்சுவர் அவளுடைய வேலியை ஒட்டித்தான் இருந்தது, ஞாபகமிருக்கிறதா? "அதோ, அங்க. எங்க பக்கம். நாற்காலியைப் போட்டுக்கிட்டு, மடியில துவரங்காயை வச்சிக்கிட்டு. மூணு நாள். உள்ள நீங்க மயங்கி விழுந்தா சத்தம் கேக்கணுமாம். படத்துல அந்தப் பொம்பள வாய் ஓயாம பேசுறா. இவ பேசவே இல்ல. நான் ஏதாவது சொன்னாக்கூட வாயில விரல வச்சிடுவா. 'நான் இருக்கிறது தெரிஞ்சா அந்த மனுஷன் வெட்கத்துலயே செத்துருவாரு மிர்த்தா'ன்னா. சட்டியில அந்தச் சத்தம் கேட்டதும் சிலுவை போட்டுக்கிட்டு, முகத்துல சமையல் துணியை அமுக்கிக்கிட்டுச் சிரிச்சா பாருங்க, எனக்குப் பயமாயிடுச்சு, அழறாளோன்னு."

அந்தத் துவரங்காயில் செய்த சோற்றைத்தான் அன்று இரவு எனக்குப் போட்டாள். தேங்காய்ப்பால் விட்டு. மிர்த்தா கொடுத்தது என்றாள். "பல்லு வந்துடுச்சா?" என்று கேட்டாள். "மருத்துவர் கொடுத்துட்டார்," என்றேன். "நல்லா பண்ணியிருக்காரு, பளபளன்னு இருக்கு," என்றாள். நான் அதையும் நம்பினேன்.

அவளிடம்தான் நீ சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாய். இப்போது புரிகிறது. அவள் முகத்தைப் பார்க்கச் சொன்னாய். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிய வேண்டும் என்று அவளே விரும்பியிருக்கிறாள். அதற்குத்தான் அந்தக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். வாயால் சொல்ல முடியாமல் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே வழி உன் படம். அதை நான் பூட்டி வைத்தேன்.

போன ஞாயிறு பலகையில் நான்கை அழித்தேன். வேறு எண் போட வரவில்லை. பாதிரியார் எவாரிஸ்தோ, "என்ன வாத்தியாரே, காலியா விட்டுட்டீங்க?" என்றார். இனி நான் எழுதவில்லை என்று சொல்லிச் சாக்குக்கட்டியை அவரிடம் கொடுத்துவிட்டேன். பெலீத்தோவிடம் படத்தைத் திரும்பப் போடச் சொன்னேன். சுருள் தலைநகருக்குப் போய்விட்டதாம். கேசட்டை மிர்த்தா வீட்டில் கொடுத்திருக்கிறேன். தெருவில் பார்க்கிறார்கள். சிரிப்புச் சத்தம் என் அறைவரை வருகிறது. நான் போகவில்லை. அந்தக் காட்சியில் பார்ப்பதற்கு எனக்கு முகம் இல்லை.

பிப்ரவரியில் ஐந்தாவதாக ஒரு வேண்டுகோள் எழுதி அடித்தேன். பழையபடி கடிதத்தின் தலையில் ஆசீர்வாதம் கேள் என்பதுதான் அது. நான் சொல்லாமலே மே மாதம் கேட்டாய், இரண்டு முறை. ஒரு பொய்க்காகக் கேட்டாய். பதிலுக்கு நான் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டேன். இப்போது எழுதினால் நீ ஏற்க வேண்டும் என்பதில்லை. கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

என் முதல் கடிதத்தின் நகலை எடுத்து வைத்துப் படித்தேன். முதலாவது, இரண்டாவது, நான்காவது பற்றி இன்னும் வாதாடலாம். மூன்றாவது குறிப்பு தவறு. வெளியே ஒருத்தி இருந்தாள்.

உன் அப்பா,
மில்சியாதெஸ்